ஒரு வண்டி வண்டல்

எங்கள் ஏரி மண்ணின் மேல்தான் இனி கப்பல் சரக்கு இறங்கப் போகிறது என்று எங்கள் ஊர் நூம்பல் முழுக்கச் சொல்லித் திரிந்த முட்டாள் நான்தான். என் பெயர் வேம்புலி. ஏரி மதகைத் திறந்து மூடுவது என் வேலை. மதகைத் திருகும் இரும்புச் சாவி என் வீட்டு மூலையில் சாத்தியிருக்கும். அது என்னிடம் இருந்ததாலேயே ஏரியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. ஊரை விடுங்கள், நானே நம்பினேன்.

எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் கங்காதரன் வந்தார். துறைமுகத்துக்கு மண் அடிக்கும் காண்ட்ராக்டரின் ஆள். வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பாக்கு. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஹார்பர்ல பெட்டி பெட்டியா சரக்கு வந்துகினே கீது. எறக்கி வைக்க எடம் பத்தலை. பள்ளத்தத் தூத்து மேடாக்குறாங்கோ. உங்க ஏரி மண்ணக் குடுங்கோ. தூர் வாரச் சொல்லி நீங்க எழுதாத மனுவா? நாங்க சும்மா வாரித் தர்றோம்."

உண்மைதான். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன ஊர் இது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

தலையாட்டாதவள் என் அக்கா குப்பம்மா மட்டும்தான். புருஷன் செத்த பிறகு, மதகை ஒட்டிய முக்கால் காணி நிலத்தில் ஒற்றை ஆளாய்ப் பயிர் வைத்தவள். அவளுக்குச் சோறு என்றால் அந்த வயல்தான், வேறு எதுவுமில்லை. மதகு திறந்தால் முதல் தண்ணீர் அவளுக்கு. கோடையில் ஏரி வற்றியதும், அடியில் படிந்த வண்டலை மாட்டு வண்டியில் வாரி வந்து வயலில் கொட்டுவோம். ஒரு வண்டி கொட்டினால் போதும், பயிர் கருகருவென்று எழும்பும்.

"வேம்புலி, லாரிக்காரன் வர்றதுக்கு முன்ன எனக்கு ஒரு வண்டி வண்டல் அட்ச்சிக் குட்றா" என்றாள்.

"இன்னா யக்கா அவசரம்? ஏரி எங்கனா ஓடிடப் போவுதா?" என்றேன்.

ஓடித்தான் போனது, லாரியில். முதல் நாளே மேல் வண்டல் மொத்தத்தையும் இயந்திரம் வழித்து எடுத்துவிட்டது. சாலைக்குக் கிட்ட இருப்பது மதகுப் பக்கம் என்பதால் அங்கேயே தோண்டினார்கள். இடுப்பளவு போயிற்று, ஆள் உயரம் போயிற்று, அப்புறம் கரையில் நின்றால் லாரியின் தலை மட்டும் தெரிந்தது. கங்காதரன் என்னை "மதகு அண்ணாத்தே" என்று கூப்பிட்டு, இன்னும் தோண்டலாமா என்று கேட்பார். தோண்டுங்கள் என்பேன். அவர் என்னைக் கேட்கிறார் என்பதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தைக் காட்டினார்கள். கடலோரத்தில் எங்கள் மண் கொட்டிக் கிடந்தது. நத்தை ஓடும் அல்லித் தண்டுமாய், பார்த்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வீடு அளவுக்கு இரும்புப் பெட்டிகள். ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

அக்காவிடமும் சொன்னேன். அவள் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரையில், லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்துக் கேட்டாள்:

"மதகு அடிக்கல்லு எங்க கீது, பள்ளம் எங்க கீது? அளந்து பாத்தியாடா?"

"பொம்பளைக்கு ஏரியப் பத்தி இன்னா தெரியும்? ஆழமானா தண்ணி ஜாஸ்தி நிக்கும். போய் வேலையப் பாரு."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் குஷியாக இருந்தது. அளப்பதற்கு ஒரு கயிறும் கால் மணி நேரமும் போதும். நான் அளக்கவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் குறைவுமில்லை, கூடுதலுமில்லை. ஏரியைப் பார்க்க வானகரத்திலிருந்துகூட ஆள் வந்தது. கருநீலமாய், அடி தெரியாத தண்ணீர். கார்த்திகையில் மதகு திறக்க நாள் குறித்தோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சாவியைப் போட்டுத் திருகினேன். பலகை மேலே வந்தது. தண்ணீர் வரவில்லை.

"இன்னும் திருப்புபா" என்றார்கள். மரை முடிகிறவரை திருப்பினேன். வாய்க்காலுக்குள்ளிருந்து ஓர் ஓணான் வெளியே ஓடியது, அவ்வளவுதான். கரையின் உட்பக்கம் இறங்கிப் பார்த்தேன். மதகின் அடிக்கல் உலர்ந்து வெள்ளையாய் இருந்தது. தண்ணீர் அதற்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. பெய்த மழையெல்லாம் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிப் போயிருந்தது. மதகைத் தொட இன்னொரு மழைக்காலம் வேண்டும்.

வாய்க்காலைச் செதுக்கிச் சுத்தம் பண்ணி, மண்வெட்டியோடு வயல் மடையில் காத்திருந்தாள் அக்கா. ஊர் கலைந்த பிறகும் நின்றாள். அப்புறம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

எஞ்சின் வைத்திருந்தவர்கள் குழாய் போட்டு இறைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஏது எஞ்சின்? பன்னிரண்டு நாள் குடத்தில் தூக்கித் தூக்கி அவள் நாற்றங்காலில் ஊற்றினேன். பதின்மூன்றாம் நாள் நாற்று பழுத்துச் சாய்ந்தது. கங்காதரனைத் தேடிப் போய்ச் சத்தம் போட்டேன்.

"தூர் வாரச் சொன்னீங்கோ, வாரினோம். ஜாஸ்தி வாரினதுக்கா அண்ணாத்தே திட்டுறே?" என்றார். சாட்சிக்கு நானே இருந்தேன்.

எஞ்சின்காரர்கள் இறைத்ததுபோக அடுத்த வருஷமும் பள்ளம் முழுதாய் நிரம்பவில்லை, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அக்கா திருமழிசையில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போனாள், காலையில் பஸ் ஏறினால் இருட்டியபின் வருவாள். துறைமுகம் பெருகப் பெருகப் பெட்டிகளும் பெருகி, காலிப் பெட்டிகளை அடுக்க நெடுஞ்சாலைப் பக்கம் இடம் தேடி வந்தார்கள். காய்ந்த வயல்தானே என்று ஊர்க்காரர்கள் விற்றார்கள். தொண்ணூற்று நாலில் அக்காவும் கைநாட்டு வைத்தாள்.

வாங்கியவர்கள் வயல் தாழ்வு என்று மேடாக்கச் சொன்னார்கள். மண் அடிக்கும் வேலையை எடுத்தது மறுபடி கங்காதரன். மண்ணுக்கு அவர் வெகுதூரம் போகவில்லை, எங்கள் ஏரியிலேயே மிச்சத்தையும் தோண்டினார். எனக்கும் வேலை கொடுத்தார். லாரி பின்னால் வரும்போது கை காட்டுகிற வேலை. வெட்கம் கெட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். அவள் முக்கால் காணியில் பாதி மூடியிருந்தது. அப்போதுதான் ஒரு லாரி கொட்டிவிட்டுப் போனது. குனிந்து ஒரு பிடி அள்ளினாள், நத்தை ஓட்டை விரலால் தள்ளிவிட்டு மண்ணை முகர்ந்தாள்.

"ஒரே ஒரு வண்டி கேட்டேன்டா" என்றாள். "எத்தினி வண்டி வந்துகீது பாரு."

மண்ணை அந்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கையை உதறினாள். அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அக்காவை ஓரமாய்ப் போகச் சொல்லிவிட்டுக் கை காட்டினேன்.