பலராமன் கிணற்றுக் கடல்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய பலராமனின் கிணற்றுக்குள் கடல் வந்தது ஓர் ஆடி மாதக் காலையில், பால் கறந்து முடித்த பிறகு. முந்தின நாள் வரை இனித்த தண்ணீர் உப்புக் கரித்தது. சுற்றுச்சுவரில் அலை மோதியது. வாளியில் மடவை மீன்கள் துள்ளின. கடற்கரை இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆனாலும் ஊரில் யாரும் பெரிதாக மலைக்கவில்லை. நெருப்பே மலையாக நிற்கிற ஊரில் தண்ணீரும் தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று வேலையைப் பார்த்தார்கள். பலராமன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்தக் கிணற்றை நம்பித்தான் அவருடைய வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பூவெடுத்து நின்றது.

கடல் வந்தது எல்லம்மாளைத் தேடி. பலராமன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, கிரிவலம் வருகிறவர்களுக்குச் சுண்டல் விற்கிறவள் அவள். வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு குப்பத்துக்காரி. பக்கத்தில் எங்கோ துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்கள், நீரோட்டம் திரும்பிவிட்டது. கடல் முதலில் வலை காயப்போடும் மணலைத் தின்றது, பிறகு அம்மன் கோயிலை, பிறகு அவள் வீட்டை. மீன் கரையை விட்டு விலகியது. அதைத் துரத்திக்கொண்டு போன அவள் புருஷன் முருகையன் திரும்பவில்லை. அலைச் சத்தம் எட்டாத ஊராகப் பார்த்து ஓடிவந்தாள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. பாவம், ஓடிவந்தவளையும் கடல் விடவில்லை.

அவள் குப்பத்தில் மீன்பிடிப்பு பாடு வைத்து நடக்கும். இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முறை; ஒருவர் பாடு நாளில் இன்னொருவர் வலை இறக்கக் கூடாது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக மீனும் மிஞ்சியது, சண்டையும் கம்மியாக இருந்தது. ஆள் காணாமல் போனால் அவன் பாடு சும்மா கிடக்கும். 'அவர் இனி இல்லை' என்று பெண்டாட்டி தன் வாயால் சொல்லி விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்குப் போகும். பெரியவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். "இன்னா பேச்சு பேசுறீங்க, அவரு வருவாரு" என்று அனுப்பிவிட்டாள்.

இங்கே மல்லாட்டை கருகியது. அடுத்த நிலத்து வரப்பிலும் உப்புப் பூத்தது. பலராமன் கிணற்றை மூடிவிட லாரியில் மண் இறக்கினார். எல்லம்மாள் குவியலின் முன்னால் போய் நின்றாள்.

"உள்ள அவரு இருமுறாரு, அண்ணா. எனக்குத் தெரியாதா அவரு இருமல்?"

"எனக்கும் மனசு இருக்குதும்மா. ஆனா நெலம் போச்சே."

"எங்களுதும் இப்பிடித்தான் போச்சு."

பலராமன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பௌர்ணமி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்.

பௌர்ணமி காலையில் கிணறு விளிம்பு வரை ஏறியது. வழிந்த தண்ணீரைத் தீர்த்தம் என்று யாத்ரீகர்கள் தலையில் தெளித்துக்கொண்டார்கள். தண்ணீருக்கடியில் முருகையன் கண்மூடிச் சுற்றிக்கொண்டிருந்தான், போன அன்று கட்டியிருந்த அதே லுங்கியில். கொக்கி போட்டார்கள், நழுவினான். எல்லம்மாள் குப்பத்திலிருந்து கொண்டுவந்திருந்த வலையை வீசினாள்; வலை வெறுமனே வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குப்பத்து முறைப்படி பௌர்ணமி அவன் பாடு. அது அவன் பெயரில் இருக்கிற வரைக்கும் வேறு யார் வலையிலும் அவன் விழமாட்டான்.

வலையை உதறி மடித்தாள். பிறகு அதைப் பலராமன் கையில் திணித்து, "அவரு இனிமே இல்ல. இந்தப் பாடு உங்களுது அண்ணா" என்றாள். சொன்ன மாத்திரத்தில் தரையில் விழுந்து கதறினாள். ஆயுசில் வலையைத் தொட்டிராத பலராமன் கோணலாக வீசினார். முதல் வீச்சிலேயே முருகையன் வந்தான், குழந்தை போல லேசாக.

கிணற்றுக்கென்று இறக்கிய மண் அவன் குழிக்கு ஆனது. கடல் போகவில்லை, அதற்கும் போக்கிடம் இல்லை போலிருக்கிறது. பலராமன் நிலத்தில் இப்போது ஒன்றும் முளைப்பதில்லை. அவரும் எல்லம்மாளும் முறை வைத்து வலை வீசி, மீனைக் கீழ்பென்னாத்தூர் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பௌர்ணமியன்று கிரிவலத்தில் ஈரக் காலோடு கடந்து போகிறவர்கள், வலையோடு நிற்கிற பலராமனைப் பார்த்து இன்றைக்கு யார் முறை என்று விசாரிப்பார்கள். அவர் ஒருநாளும் தன் பெயரைச் சொன்னதில்லை.

"இன்னிக்கு முருகையன் பாடுங்க" என்பார்.