பேஸ்காரர் எழுந்துபோன தட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு, பல் டாக்டரின் இசைத்தட்டிலிருந்து டபுள் பேஸ் வாசிப்பவர் எழுந்து வெளியே போனார். முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு அப்போது பாதியில் இருந்தது. மற்ற மூன்று பேரும் வாசித்துக்கொண்டிருக்க, ஆள் உயர வாத்தியத்தை உறைக்குள் இறக்கி ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மரத்தரையில் பதினோரு காலடிகள், பிறகு ஒரு கதவு. கோபமாக அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனார். டாக்டர் அன்றைய கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிளினிக்கின் பின்னறையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்துப் பார்த்தார். இந்த முறை பேஸ்காரர் தொடக்கத்திலிருந்தே இல்லை. ட்ரம்பெட் இருந்தது, பியானோ இருந்தது, டிரம்ஸ் இருந்தது. பாட்டுக்கு அடியில் நிதானமாக நடந்துகொண்டே இருக்கும் அந்த நாலாவது ஆள் மட்டும் இல்லை. அவர் இருந்த இடத்துக்கு, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல, டாக்டரின் காது திரும்பத் திரும்பப் போய்வந்தது.

அந்த ஊரில் ஜாஸ் கேட்பவர்கள் மொத்தம் நாலு பேர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவருடைய கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க வந்து, அங்கே சுழன்ற தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை எழுந்திருக்காத பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தபால் பிரிக்கும் வேலையிலிருந்த ‘அட்டை’ என்பவர். தட்டுகளின் அட்டையில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர். எந்த வருடம், எந்த அறை, யார் இருமியது என்பதுவரை சொல்வார். மற்றபடி வேலையிடத்தில் அவர் ஊமையோ என்று சிலருக்குச் சந்தேகம். சனிக்கிழமை கடை அரைநாள். மதியம் மூன்று மணிக்கு மாடியில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே கூடுவார்கள். அந்த வாரம் வீட்டில் எந்தத் தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அதை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். புதிதாக வாங்கியதைப் பீற்றிக்கொள்ளக் கொண்டுவரக் கூடாது. பக்கம் முடியும்வரை பேசவும் கூடாது. ஏழு வருடங்களாக இது ஒரு வாரமும் தவறாமல் நடந்துவந்தது.

டாக்டர் அந்தச் சனிக்கிழமை தட்டைக் கொண்டுவந்தபோது யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. எப்படி என்றுதான் பார்த்தார்கள். முள்ளை மாற்றினார்கள். வேறு பிளேயரில் வைத்தார்கள். அட்டை தன்னிடம் இருந்த அதே தட்டின் வேறு பிரதியைக் கொண்டுவந்து போட்டார். அதில் பேஸ்காரர் வழக்கம்போல வேலையில் இருந்தார். ஆக, அவர் எல்லாப் பிரதியிலிருந்தும் போகவில்லை, இதிலிருந்து மட்டும்தான் போயிருக்கிறார். கடைக்காரர் கடையில் இருந்ததிலேயே பெரிய லென்ஸை வைத்துப் பார்த்தார், டாக்டர் சொத்தைப் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். பள்ளங்கள் சேதமில்லாமல் இருந்தன. ஆனால் ஆள் குடியிருந்து காலிசெய்த அறைபோலக் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தன. மெக்கானிக் மட்டும் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, காலடிச் சத்தம் இடதுபக்கமாகப் போகிறது, தெரிந்த இடத்துக்குப் போகிற ஆளின் நடை என்றார். லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்பவர். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

கடைக்காரர் கண்ணாடி ஜன்னலில் ஒரு சீட்டு ஒட்டினார். தட்டிலிருந்து பேஸ்காரர் ஒருவர் வெளியேறிவிட்டார், யார் வீட்டுத் தட்டிலாவது ஆள் அதிகமாக இருந்தால் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. கீழே கடை நேரம் போட்டிருந்தார். பதினேழு பேர் வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கொண்டுவந்த தட்டில் குழந்தை அழுதது. அது எப்போதும் அழுகிற குழந்தைதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். வாடகைக்கார் ஓட்டுபவர் ஒருவர், தன் தட்டில் பாடுகிறவர் முன்பைவிடப் பருத்துவிட்டதாகக் குரலை வைத்துச் சொன்னார். இரண்டு பேர் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள். பேஸ்காரரைப் பற்றி மட்டும் துப்புக் கிடைக்கவில்லை.

ஆறாவது வாரம், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மெக்கானிக் லிஃப்டை நிறுத்தி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடியை ஒட்டி இருக்கும்போது சுவருக்குள்ளிருந்து பேஸ் கேட்டது. தாங்கித் தாங்கி நடக்கும் அந்த நடையை அவருக்கு நன்றாகத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினார். கதவைத் திறந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி, காதுக்குப் பின்னால் பென்சில் செருகியிருந்தார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுத் தட்டுல ஒருத்தர் அதிகமா வாசிக்கிறாரா?”

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒன்றரை மாசமா. உள்ள வாங்க,” என்றார்.

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலைபார்ப்பவர் அவர். காதில் விழுவதையெல்லாம் எழுதிப் பழகிய கை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது பேஸ் சேர்ந்துகொண்டதாகத் தேதியோடு குறித்துவைத்திருந்தார். வந்தவர் முதலில் தயங்கி வாசித்தார், மூன்றாம் நாளிலிருந்து சகஜமாகிவிட்டார் என்றும் அதில் இருந்தது. நாலு பத்துக்குக் கிளம்பினவர் ஐந்துக்கு வந்திருக்கிறார் என்றால் பேருந்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் கணக்குப் போட்டார். தட்டுக்கு அட்டை இல்லை, பழுப்பு நிற ஆபீஸ் கவரில் இருந்தது. நடுவிலிருந்த வட்டச் சீட்டில் ‘இரண்டாம் தட்டு’ என்று அச்சிட்டிருந்தது.

சனிக்கிழமை இதை மெக்கானிக் விவரமாகச் சொல்லி முடித்தபோது மற்ற இருவரும் துள்ளாத குறை. டாக்டர் மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவே மறந்துபோனார். பழுப்புக் கவரில் இருக்கும் அந்தத் தட்டின் அட்டை அவர் வீட்டில்தான் இருந்தது. காதுக்குப் பின்னால் பென்சில் செருகுகிறவர் அவருடைய தங்கை.

அவர்களுடைய அப்பா கப்பலில் ரேடியோ ஆபரேட்டர். துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கிச் சேர்த்த தட்டுகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. கடைசிக் காலத்தில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது தங்கை ஒரு பெரிய வழக்குக்காக வெளியூரில் இருந்தாள். அக்காவான டாக்டர் ஒண்டியாக முடிவெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் மதியம் அப்பா போய்விட்டார். தங்கைக்கு அதற்கு அடுத்த நாள் காலையில்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வாயால், விஷயம் தெரிந்தது. அவள் வந்து சேர்ந்தபோது இறுதிச் சடங்கெல்லாம் முடிந்திருந்தது. வீட்டுச் சாமான்களைச் சித்தப்பா நடுவில் உட்கார்ந்து பங்குவைத்தார். அக்கா தங்கை இருவரும் அவரிடம்தான் பேசினார்கள், ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை. தட்டுகளை உனக்கொன்று எனக்கொன்று என்று எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு தட்டுகள் கொண்ட ஒரு ஜோடி மிஞ்சியது. நால்வர் குழு ஒன்று ஒரே நாளில் ஒரே அறையில் வாசித்தது அது. அப்பா ஷேவ் பண்ணும்போது கேட்பது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பா பெருமூச்சு விட்டு, ஆளுக்கொரு தட்டாகப் பிரித்துக் கொடுத்தார். அதோடு ஒன்பது வருடம் முகத்தில் முழிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேருந்தில் ஏழு நிறுத்தம்.

டாக்டர் இதை மற்றவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போய் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று மெக்கானிக் கேட்டதற்கு வேண்டாம் என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. அதற்கு அடுத்த வாரம் பியானோ வாசிப்பவர் மூடியைச் சாத்திவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து டிரம்ஸ்காரர், ஒரே நடையில் தூக்க முடியாமல், நாலு நடையாகத் தூக்கிக்கொண்டு போனார். கடைசி நடையில் எதையோ கீழே போட்டு, குனிந்து எடுத்தார். ட்ரம்பெட்காரர் மட்டும் மிஞ்சினார். தனியாளாக வாசித்தார், குறையில்லாமல்தான் வாசித்தார். ஆனால் பேஸுக்கு விடவேண்டிய இடத்தில் நாலு எண்ணிக்கை விட்டுவிட்டு நின்றார். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த நாலையும் முழுசாக விட்டுவிட்டுத்தான் அடுத்ததை ஊதினார். டாக்டர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒரு வியாழக்கிழமை, வேர் சிகிச்சை இரண்டைத் தள்ளிவைத்துவிட்டு, தட்டை அதன் அட்டையில் போட்டு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

தங்கை கதவைத் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள். நாற்காலி மேலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். இரண்டாம் தட்டை ஓடவிட்டாள். ஏழு பேர் வாசித்தார்கள். இரண்டு டிரம்ஸ்காரர்களும், ஒரே சமையலறையில் இரண்டு பேர் புழங்குவதுபோல, இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி வாசித்தார்கள். பக்கம் முடிந்தது. சனிக்கிழமை வழக்கத்தால் டாக்டர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. தங்கைதான் ஆரம்பித்தாள்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, அக்கா.”

“பண்ணேன். ரெண்டு தடவை மணி அடிச்சதும் வச்சுட்டேன்.”

“ஏன்?”

“நீ எடுத்துட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.”

தங்கை எழுந்துபோனாள். அலமாரியில் வருட வாரியாக அடுக்கியிருந்த நோட்டுகளில் ஒன்றை உருவினாள். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். சுருக்கெழுத்து அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, கொசு கால் வைத்த மாதிரி இருந்தது.

“விடுதி ரூம்ல இருந்தேன். ‘போன், ரெண்டு தடவை மணி, மூணு இருபது’ன்னு எழுதியிருக்கேன். ராங் நம்பர்னு நெனச்சேன்.”

அந்த வரியை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு இருபதுக்குத்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்து வாசனை அடிக்கும் அந்த ரிசீவரை அவர் திரும்ப வைத்தார். ஒன்பது வருடமாக அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அந்த நிமிடம்கூட விடாமல் இன்னொரு வீட்டு அலமாரியில் அது பத்திரமாக இருந்திருப்பதைப் பார்த்து, மூக்கை உறிஞ்சினார். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று தங்கை கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, தலையணை சரியில்லை என்றுதான் சொன்னார், என்றார் அக்கா. தங்கை பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு முதல் தட்டைப் போட்டார்கள். ட்ரம்பெட்காரர் வாசித்தார், நாலு எண்ணிக்கை விட்டார், அந்த நாலாவதில் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கதவுச் சத்தம் கேட்டதும் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை தட்டை மாற்றினாள். எட்டாவது ஆள் முதல் பாட்டின் இரண்டாவது நிமிடத்தில் உள்ளே வந்தார். பேருந்து ஏறவேண்டிய அவசியம் இல்லாததால் இந்த முறை சீக்கிரம்.

அந்த வருடத்திலிருந்து ஜாஸ் கேட்பவர்கள் ஐந்து பேர் ஆனார்கள். இரண்டு தட்டும் ஒரே அட்டைக்குள் வந்தன, அட்டை அக்கா வீட்டில் ஆறு மாதம், தங்கை வீட்டில் ஆறு மாதம் இருந்தது. போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. எட்டுப் பேரும் ஒன்றாக வாசிப்பதில் சில இடங்களில் நெரிசல் இருப்பதாக ‘அட்டை’ குறைப்பட்டுக்கொண்டார்; பின்பக்கத்துப் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகாததுதான் அவருக்கு உறுத்தல். சகோதரிகள் சண்டை போடாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒன்று போட்டார்கள், ஆனால் நேரடியாகப் போட்டார்கள்.

காலியான முதல் தட்டை என்ன செய்வது என்று சில காலம் யாருக்கும் தெரியவில்லை. அதைப் போட்டால் ஆளில்லாத அறையின் சத்தம் கேட்டது. குழாய் சொட்டியது, வெளியே மழை பெய்வதும் நிற்பதும் கேட்டது. மெக்கானிக்குக்கு அதுவே பிடித்துப்போய், வீட்டுக்கு இரவல் வாங்கிப்போய், இரண்டு சனிக்கிழமை அதையே கொண்டுவந்தார். மூன்றாவது வருடம் கோடையில், பக்கத்தின் நடுவில், சாவி திரும்பும் சத்தம் கேட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், நாற்காலியை இழுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிளாரினெட் கீச்சிட்டது. கற்றுக்குட்டி. ஏற்ற வரிசையை ஏறப்போய் ஐந்தாவது ஸ்வரத்தில் வழுக்கி விழுந்தார்.

அப்பாவாக இருக்குமோ என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்று அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்பாவுக்கு எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுமை கிடையாது, இவர் தினமும் வருகிறார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஜன்னலில் சீட்டும் ஒட்டவில்லை. சனிக்கிழமைகளில் மற்ற தட்டுகளுக்கு முன்னால் பத்து நிமிடம் அவருக்கு ஒதுக்கினார்கள். இரண்டு வருடத்தில் ஏற்ற வரிசை ஒழுங்காக வந்துவிட்டது. இறக்கத்தில்தான் இன்னும் கொஞ்சம் அவசரப்படுகிறார்.