தரை தொடாத பத்துக் குண்டுகள்

1974 செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஹோபர்ட் சைஸ்மோர் சுட்ட பத்துக் குண்டுகள் மறுவருடம் ஏப்ரல் வரை தரையில் விழவில்லை. மேற்கு வர்ஜீனியா மலையில், லாரல் ஓடைக்காரர்கள் தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் வருடாவருடம் நடத்தும் குறிசுடும் போட்டி அது. அவரவர் ஈயத்தை அவரவரே உருக்கி வார்த்துக் கொண்டுவர வேண்டும்; கடைக் குண்டுக்கு அனுமதி கிடையாது. ஹோபர்ட்டின் முதல் குண்டு பாதித் தூரம் போய் வேகம் குறைந்தது, இடதுபக்கம் திரும்பியது, வேலியைத் தாண்டி ஓடைப் பக்கம் போய்விட்டது. காற்றின் மேல் பழியைப் போட்டான். இரண்டாவதும் அப்படியே போனதும் மூக்குக்கண்ணாடியின் மேல் போட்டான். மிச்ச எட்டையும் வீம்புக்குச் சுட்டான். பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக, மனிதனின் நெஞ்சு உயரத்தில், எந்த அவசரமும் இல்லாமல் போயின. மதிப்பெண் குறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு க்ளோவிஸ் வாம்ஸ்லி பத்துப் பூஜ்யம் போட்டுவிட்டு, "வேற என்னன்னு எழுதறது, நீயே சொல்லு, எழுதறேன்," என்றான்.

கோளாறு மெழுகில்தான் என்று எல்லாருக்கும் பட்டது. வார்த்த ஈயக் குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு அதில் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் வழிந்து துப்பாக்கிக் குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். லாரல் ஓடையில் வேதத்தைப் பற்றி நடந்த வாக்குவாதங்களைவிட இந்தப் பூச்சைப் பற்றி நடந்தவை அதிகம். ஹோபர்ட்டின் அண்ணன் எஸ்டில் பதினொரு தேன்பெட்டி வைத்திருந்த தனிக்கட்டை. தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் தவிர மற்றதெல்லாம் அவனுக்குக் குப்பை. ஹோபர்ட்டோ பாதிக்குப் பாதி கடை பாரஃபின் மெழுகைக் கலப்பவன். 1965 போட்டியில் எஸ்டில் தம்பியின் துப்பாக்கிக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஊரே கேட்கும்படி, "அடுப்புப் புகைக்குழாய் தோத்துச்சு போ. ஜாம் ஜாடிய மூடுற மெழுகு ஜாம் ஜாடிக்குத்தான்டா லாயக்கு," என்றான். அதோடு சரி. ஒருவன் இருமினால் மற்றவனுக்குக் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு ஒன்பது வருடம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

1974 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி எஸ்டில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தபோது குனிந்த இடத்திலேயே இறந்துபோனான். ஹோபர்ட் பெட்டிக்கு ஏற்பாடு செய்தான், புதைகுழி ஓரத்தில் நின்றான், வீட்டுக்கு வந்தான், அழவில்லை. அண்ணன் வீட்டு நிலவறையைக் காலி செய்யப் போனபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒன்பது மெழுகுக் கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஒரு வருடமும், கீழே "ஹோபர்ட்டுக்கு" என்றும் எழுதியிருந்தது. அவன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆட்டுக்கொழுப்போடு இரும்புச் சட்டியில் உருக்கி, மனைவி ஓலீட்டாவின் கேக் தட்டில் குண்டுகளை நிற்கவைத்து ஊற்றி, ஆறியதும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். அந்த மெழுகை வைத்தே ஜெயித்துக் காட்டுவதுதான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க அவன் கண்ட வழி. வாயால் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

குண்டுகள் விழாமல் ஓடைக்கரையிலேயே சுற்றித் திரிந்தன. ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டு, மணிக்கு நான்கு மைல் என்று எழுதிக்கொண்டு போனார். அது நடக்கிற மனிதனின் வேகம். ஊரும் பழகிக்கொண்டது. தீவனக் கடை வாசலில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து நிமிர்ந்தார்கள். ஆனால் மெதுவாகப் போனாலும் குண்டு குண்டுதான். எதிரில் எது இருந்தாலும் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் அதற்கு இல்லை. க்ளோவிஸின் லாரிக் கதவில் இந்தப் பக்கம் பத்து ஓட்டை, அந்தப் பக்கம் பத்து ஓட்டை. "சல்லடையா போச்சு. மாவு சலிக்கணும்னா சொல்லி அனுப்பு," என்று அவன் சிரித்தான். ஹோபர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓலீட்டா அந்தப் பள்ளத்தாக்கின் தபால்காரி. வாரத்தில் ஆறு நாள், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற தன் சொந்தக் காரில் வலதுபுற இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதித்துக்கொண்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி எண்பத்து நான்கு பெட்டிகளில் தபால் போடுகிறவள். அக்டோபரில் ஒருநாள், இறந்துபோன எஸ்டிலின் பெயருக்கு வந்திருந்த விதை விலைப்பட்டியலை அவன் பெட்டியில் வைத்துவிட்டு அவள் கையை எடுத்த மறுகணம், குண்டு ஒன்று அந்தப் பெட்டியைத் துளைத்துக்கொண்டு போனது.

"வேலைய விட்டுடு, ஓலீட்டா," என்றான் ஹோபர்ட்.

"விட்டுட்டு? நாள் பூரா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதுக்குக் குண்டே தேவலாம்."

அந்தக் குளிர்காலத்தில் அவன் காரின் கதவுக்கு இரும்புத் தகடு அடித்தான், பாதையின் குறுக்கே நனைத்த மெத்தைகளைத் தொங்கவிட்டான், மீன்வலை வீசிப் பார்த்தான். குண்டுகள் தகட்டையும் துளைத்தன, மெத்தையையும் துளைத்தன. வலையில் மீன் நுழையும் கண் போதாது என்று புதுக்கண் போட்டுக்கொண்டு போயின. தினமும் காலை எட்டிலிருந்து மூன்று மணிவரை, அவள் கார் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை, அவன் சமையலறை ஜன்னலை விட்டு அசையமாட்டான். இடுப்புவாரில் புதிதாக மூன்று துளை போட வேண்டியிருந்தது. தான் ஏற்கெனவே பெண்டாட்டியைச் சுட்டாகிவிட்டது, அது போய்ச் சேரத்தான் நாளாகிறது என்று அவன் உறுதியாக நம்பினான்.

ஏப்ரலில் ஒருநாள் மதியம், பாதி வேலையில் சாப்பிட வீட்டுக்கு வந்த ஓலீட்டா சோளரொட்டியைப் பீன்ஸ் சாற்றில் தோய்த்தபடி பேச்சை எடுத்தாள்.

"பத்தே காலுக்குத் தபால் பெட்டி. பதினொண்ணுக்குத் தீவனக் கடை. புதன்கிழமைன்னா சர்ச்சு, கடைசி பெஞ்சு. ஏழு மாசமா அதுங்க பின்னாடியேதான் நான் வண்டி ஓட்டறேன். இது யாரு நடக்கிற வழின்னு உனக்குத் தெரியல?"

ஹோபர்ட் ரொட்டியைத் தட்டில் வைத்தான். அது எஸ்டில் தினமும் நடந்த வழி.

"அவன் செத்தத தேனீக்கு யாரு சொன்னது?" என்றாள் ஓலீட்டா.

"க்ளோவிஸ் சொல்லியிருப்பான்."

"அவன் நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சானாம். நேத்துதான் கேட்டேன்."

எஜமான் இறந்தால், புதைப்பதற்கு முன்பே, உறவிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவர் வீட்டுச் சாவியால் ஒவ்வொரு தேன்பெட்டியையும் மூன்று முறை தட்டி, இன்னார் போய்விட்டார், இனி உங்களைப் பார்த்துக்கொள்வது இன்னார் என்று சொல்லி, துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்ட வேண்டும். அந்த மலையில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. சொல்லாவிட்டால் தேனீக்கள் ஆளைத் தேடும். அவை கட்டிய மெழுகும் தேடும். கொண்டுபோகக் குண்டு கிடைத்தால் குண்டோடு தேடும்.

"என் வாயால எப்படிச் சொல்றது?" என்றான் ஹோபர்ட். "எனக்கே நான் இன்னும் சொல்லிக்கல."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து இன்னிக்கே சொல்லிடு. எனக்கு இன்னும் நாப்பது தபால் பெட்டி பாக்கி." ஓலீட்டா வாயைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

ஹோபர்ட்டுக்குத் தேனீ என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். எஸ்டிலின் வீட்டுச் சாவியையும், கிழித்த கறுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு, சட்டைக் கையைக் கடைசிவரை பொத்தான் போட்டுக்கொண்டு போனான். முதல் பெட்டியில் தட்டினான், குரல் வரவில்லை. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில்தான் வாய் திறந்தது.

"எங்க அண்ணன் எஸ்டில் செத்துட்டான். ஆகஸ்ட் பதினெட்டு. நான்தான் வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. இனிமே நான் பாத்துக்கறேன். பாரஃபின் கலக்கமாட்டேன்."

உள்ளே ரீங்காரம் ஒரு மூச்சுக்கு நின்றது, பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் தொடர்ந்தது. துணியைக் கட்டிவிட்டு முதல் இரண்டுக்கும் திரும்பப் போய்ச் சொன்னான். நான்கு இடத்தில் கொட்டு வாங்கினான், அது நியாயம்தான் என்று பட்டது. பதினோராவது பெட்டிக்கு வந்தபோது அவன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான், ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து. அப்போது ஓடைப் பக்கமிருந்து குண்டுகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தேன்பெட்டியின் வாசல் பலகையில் இறங்கி, அப்போதுதான் இட்ட முட்டை போல வெதுவெதுப்பாகக் கொஞ்சநேரம் கிடந்து, தேனீக்களோடு உள்ளே உருண்டு போயின. ஹோபர்ட் எண்ணினான். ஒன்பது. கடைசி ஆள் போனபின் பலகையையும் புல்லையும் தடவிப் பார்த்தான். ஒன்பதுதான்.

ஐம்பத்தெட்டு வயதுக்காரன் அந்த மேட்டில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சாலைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சும் இல்லை, கூப்பிடப் பெயரும் நாக்கில் நிற்கவில்லை. வளைவில் ஓலீட்டாவின் கார் வழக்கமான வேகத்தில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் வலது கை முழுசாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு குண்டு.

"மேல் ஓடைக்கிட்ட நேரா என் நெஞ்சுக்கு வந்துச்சு," என்றாள். "கண்ண மூடிக்கிட்டேன். தெறந்து பாத்தா, தபால் தட்டுல லெட்டருக்கு மேல உக்காந்திருக்கு, மகாராஜா. தபால்தலகூட ஒட்டாம."

ஹோபர்ட் அந்தக் கையைக் குண்டோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதம் தோளில் இருந்த மலை இறங்கியது.

"வலிக்குது, விடு," என்றாள் ஓலீட்டா. அவன் விடவில்லை, அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

மீதித் தபால் பெட்டிகளுக்கு அவனும் காரில் கூடவே போனான், அன்று தபால் எல்லா வீட்டுக்கும் தாமதம். பத்தாவது குண்டை அதற்கு முன்பே இருவரும் சேர்ந்து தேன்பெட்டியின் வாசல் பலகையில் வைத்துவிட்டார்கள், அதுவும் உள்ளே போனது. ஹோபர்ட் அதற்குப்பின் பத்தொன்பது வருடம் தேன்பெட்டி வைத்திருந்தான், ஆறு தடவை போட்டியில் ஜெயித்தான். ஆப்பிள் பூக்கும் நாட்களில் குண்டுகள் வெயில் ஏறியதும் வெளியே வரும், எதையும் துளைக்காமல் மரம் மரமாகப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். ஓடைக்கரைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்டால், சைஸ்மோர் வீட்டுத் தேனீக்களில் பத்து மட்டும் கொஞ்சம் கனம் என்று சொல்கிறோம்.