ஐஸ் ரேட்

மாட்டைப் பார்த்து விலை சொல்லுகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது, மெட்ராஸிலிருந்து போன் வந்தால்தான் மாட்டுக்கே தன் விலை தெரிகிறது என்று சடையன் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனான். மாட்டுத் தரகிலேயே தலை நரைத்தவன். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லுவான், மடியைத் தொட்டுப் பார்த்துப் பாலைச் சொல்லுவான். என்ன பிரயோசனம்? திருவண்ணாமலை தீபத்துச் சந்தையில் நிற்கிற எருமையின் விலையைக் கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஏற்றுகிறான், எவனோ இறக்குகிறான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் பால் வற்றிய எருமையைச் சீந்த ஆள் கிடையாது. உள்ளூர் வெட்டுக்காரன் மனசு வந்தால் நூறோ நூற்றைம்பதோ கொடுப்பான். அதற்கு எருவாவது மிஞ்சட்டுமே என்று ஜனங்கள் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். பிறகு மெட்ராஸில் ஒரு கம்பெனி எருமைக் கறியை எலும்பு நீக்கி, அட்டைப் பெட்டியில் அடைத்து, கல்லாக உறைய வைத்து அரபு தேசத்துக்குக் கப்பலேற்ற ஆரம்பித்தது. அங்கே இறக்குமதி செய்கிறவன் இருக்கிறானே, அவனுக்கு ஆஸ்திரேலியாக் கறி கட்டுப்படியாகாவிட்டால் நம் எருமைக்கு வருவான். இங்கே முந்நூறு ஐநூறாகும். ஆஸ்திரேலியாக்காரன் விலையை இறக்கினால் இங்கே இருநூறுக்கு விழும். ஒரு வருஷம் மெட்ராஸ் குளிர்க் கிடங்கு நிரம்பி வழிந்து, லாரியே வரவில்லை. அந்த வருஷம் சடையன் டீக்குக்கூடத் திண்டாடினான். எண்பத்தொன்றின் கடைசியிலிருந்து மறுபடி ஏற்றம். இதற்கெல்லாம் சேர்த்துச் சந்தையில் வைத்த பேர் ஐஸ் ரேட்.

கம்பெனி ஆள் ராமகிருஷ்ணன் காலையில் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போய் டிரங்க் கால் பேசிவிட்டு வருவார். அவர் வந்து தரகர்கள் காதில் ரேட்டை ஓதின பிறகுதான் சந்தையில் துண்டு விரியும். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கை கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் நூறு, கை முழுவதையும் பிடித்தால் ஐநூறு. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட என்ன விலை பேசினார்கள் என்று தெரியாது. வாய் சும்மா மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

மழை அந்த வருஷம் நிஜமாகவே ஏமாற்றிவிட்டது. கார்த்திகை பிறந்தும் ஏரியில் புழுதி பறந்தது. வைக்கோல் தங்கமாகிவிட்டது. அடி அண்ணாமலையில் சடையனின் அக்கா ராணியம்மாள் இரண்டு எருமை வைத்திருந்தாள். ஒன்று கறவை. அதன் பாலைத்தான் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டி ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஊற்றி, தன் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொன்று சுருட்டைக்கொம்பி. அது வற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு தடவை கடாவோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை. ஒரு வாய் வைக்கோலை இரண்டு வாய்க்குப் பிரித்துப் போட்டதில் கறவையும் இளைத்துவிட்டது. பால் தண்ணியாக இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரி வாங்குவதை நிறுத்திவிட்டாள். கறவையும் வற்றிவிட்டால் ராணியம்மாள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அவள் அடுப்பு சடையனுக்கும் அடுப்பு. பெண்டாட்டி போன பிறகு அவனை உட்கார வைத்துச் சோறு போடுகிற வீடு அது ஒன்றுதான். தொழில் வாசனையோடு வருகிறான் என்று மற்ற சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது, அக்கா தட்டை நகர்த்தி வைத்தவள். அதனால்தான் சுருட்டைக்கொம்பியை விற்றுக்கொடு என்று அவள் கேட்டபோது அவனுக்குக் கை கால் ஓடவில்லை. கேட்டதோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள்.

"வெல கம்மியா வந்தாலும் பரவால்ல. வெட்டுக்கு மட்டும் போவக் கூடாதுடா. வளக்கறவன் கையில குடு. உங்க மாமா சாவற வரிக்கும் அவ பாலத்தான் குடிச்சாரு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். வேறு என்ன செய்வான்?

சந்தை முழுக்க அலைந்தான். வளர்ப்புக்கு எருமை வேணுமா என்று கேட்டால் ஜனங்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். இருக்கிறதையே தள்ளிவிட வந்தவர்கள் அவர்கள். கீழ்பென்னாத்தூர் வேணு ஒருத்தன்தான் நானூறுக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தான். நாலு மாசம் கழனியில் கட்டி வைத்தால் சினை பிடிக்கும் என்றான். சடையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கறிக்குக் கொடுக்காத கை ஒன்று கிடைத்ததே என்று டீ வாங்கிக் கொடுத்தான். லாரியில் மாடு ஏற்றுகிற கருப்பன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வேணு முந்தின நாள்தான் இதே பாட்டைப் பாடி ஒரு கிழட்டு எருமையை வாங்கி, உச்சிப்பொழுதுக்குள் லாரியில் ஏற்றி இரட்டிப்பாக்கிக்கொண்டு போனானாம்.

சடையன் அப்படியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். யாரைக் குறை சொல்ல? நானூறுக்கு வாங்கினதை ஆயிரத்துக்கு மேல் கேட்கிற லாரி பக்கத்திலேயே நிற்கிறது. வளர்க்கிறவன் என்று ஒருத்தன் இந்த ரேட் இருக்கிறவரை உலகத்திலேயே கிடையாது. எவன் கையில் கொடுத்தாலும் அந்த எருமை போகிற இடம் ஒன்றுதான். நடுவில் எவன் பை நிறையப்போகிறது என்பது மட்டுமே கேள்வி.

ராமகிருஷ்ணன் வேறு வந்து அவசரப்படுத்தினார். சடையன் சொன்ன எடைக்குச் சுருட்டைக்கொம்பிக்கு ஆயிரத்து நூறு தருவதாகவும், தீபம் கழிந்தால் இந்த விலை நிற்காது என்றும் சொன்னார். ஆஸ்திரேலியாக் கப்பல் ஒன்று அரபு தேசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம். அது போய்ச் சேர்ந்ததும் அங்கே விலை சரியுமாம். எங்கேயோ போகிற கப்பலுக்கும் அடி அண்ணாமலைக் கொட்டகைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்களே பாவிகள் என்று சடையன் மனசுக்குள் வைதான்.

கடைசியில் கருப்பனையே செங்கம் பக்கத்துக் குடியானவனாக்கிக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தான். வெளுத்த வேட்டி, தோளில் புதுக் கயிறு. வளர்ப்புக்கு வாங்குகிறவன் தன் கயிறோடுதான் வருவான். விற்கிறவர்கள் தங்கள் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், கயிறு போனால் கொட்டகையின் ராசியும் கூடப் போய்விடும் என்று கழற்றி வைத்துக்கொள்வார்கள். வெட்டுக்குப் போகிற மாடென்றால் கதை வேறு. அந்தக் கயிற்றை யாரும் வீட்டில் வைப்பதில்லை, மாட்டோடு அனுப்பிவிடுவார்கள்.

விலையில்தான் வந்து மாட்டிக்கொண்டான். ஆயிரத்து நூறு என்று அக்காவிடம் உண்மையைச் சொன்னால், வற்றிய எருமைக்கு வளர்க்கிறவன் இவ்வளவு தரமாட்டான் என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிடும். நானூறு என்று சொன்னாலோ, சோறு போட்ட அக்காவிடமே கை வைத்தவன் ஆவான். இரண்டையும் போட்டுப் புரட்டிப் பார்த்தான். நானூறைக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு முழுக்க வைக்கோல் வாங்கி, லாரிக்காரன் சல்லிசாகப் போட்டான் என்று சொல்லி இறக்கிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். தேறினால்தானே.

கருப்பன் நன்றாகத்தான் நடித்தான். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றினான். எத்தனை ஈத்து, கன்று கிடேரியா கடாவா, பால் எத்தனை படி என்றெல்லாம் கேட்டான். ராணியம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவன் எருமையின் பக்கத்தில் போனான். வளர்க்க வாங்குகிறவன் கை முதலில் மடிக்குப் போகும். கருப்பனின் கை நேராகப் பின்தொடைக்குப் போய்ச் சதையை ஒரு அமுக்கு அமுக்கி எடை பார்த்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம், அந்தக் கைக்கு எப்படித் தெரியும் இன்றைக்கு அது குடியானவன் கை என்று.

அக்கா பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கருப்பனை வாசலில் போய் நிற்கச் சொன்னாள். வெயிலாக இருக்கிறது, மோர் வேணுமா என்றுகூடக் கேட்டாள். அவன் வெளியே போனதும் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எவ்ளோன்னு சொன்ன?"

"நானூறுக்கா."

"உன் துண்ட எடு."

அவனுக்குப் புரியவில்லை. அவளே அவன் தோளிலிருந்து துண்டை உருவி, தன் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினாள். சந்தையில் எந்தப் பொம்பளையும் துண்டுக்கு அடியில் கை நீட்டி அவன் பார்த்ததில்லை.

"வாயால சொல்லாத. வாய் பொய் சொல்லும். இப்படியே சொல்லு."

சடையன் கையை உள்ளே விட்டான். பால் கறந்து கறந்து காய்த்துப்போன கை. அதன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். விட்டான். மறுபடி ஐந்தையும் பிடித்தான். அதன் பிறகு ஒரே ஒரு விரலைப் பிடித்தான். வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ராணியம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையை உருவிக்கொண்டு, துண்டை மடித்து அவன் தோளிலேயே போட்டாள்.

"வைக்கோல் இல்லாத வருஷத்துல வளக்க எவன்டா வருவான். எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சி, சொன்னேன்."

பிறகு கொட்டகைக்குப் போனாள். சுருட்டைக்கொம்பியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். எருமையின் கழுத்திலிருந்து அதைக் கழற்றாமல், கயிற்றின் நுனியை அப்படியே கருப்பன் கையில் கொடுத்தாள். தோளில் புதுக் கயிறோடு நின்ற கருப்பன் அதை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எருமை அவன் பின்னாலேயே நடந்து, கிரிவலப் பாதையில் திரும்பி, தீபத்துக்கு வந்துகொண்டிருந்த ஜனத்துக்குள் போய்விட்டது.

ராணியம்மாள் வற்றினதன் முன்னால் கிடந்த அரை வாய் வைக்கோலை வாரிக் கொண்டுபோய்க் கறவைக்குப் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சடையனுக்குத் தட்டு வைத்தாள். அவன் உட்கார்ந்தான். சோற்றில் கை வைத்தவனால் பிசைய முடியவில்லை. அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, அவனிடம் சொல்லுகிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள்.

"ரெண்டு வேளையும் சொம்பு சொம்பா கறந்தாளே, அப்பகூட ஒருத்தனும் அவளுக்கு இந்த வெல சொன்னதில்லடா."