மூன்றாவது வரிசையின் நிழல்

உயிருள்ளதோ உயிரற்றதோ, ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தலையெழுத்தைச் சொல்லிவிடும் கண் நூறாண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு மனிதனுக்குத்தான் அருளப்படுகிறது. எங்கள் காலத்தில் அது என் அண்ணன் துர்தாகுனுக்கு அருளப்பட்டது. இடது கண். வலது கண்ணில் புரை.

அண்ணன் சின்ச்சி. குதிரைக்குட்டியின் நடையைப் பார்த்தே அது பந்தயத்தில் எத்தனையாவதாக வரும் என்று சொல்கிறவருக்கு எங்கள் மலையூர் அத்-பாஷியில் அந்தப் பெயர். அவர் தலையசைக்காமல் எங்கள் பக்கம் யாரும் குதிரை வாங்குவதில்லை. நாளடைவில் கார், துணி துவைக்கும் இயந்திரம், மருமகள் எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட ஆரம்பித்தார்கள். மருமகள் விஷயத்தில் இரண்டு முறை தவறியிருக்கிறார். கார் விஷயத்தில் எத்தனை முறை என்று மரியாதை கருதி யாரும் எண்ணுவதில்லை.

ஆகவே என் மகள் ஜிபாருக்குத் தலைநகர் பிஷ்கேக்கில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்து, 'மாணவர்கள் சொந்த மடிக்கணினியுடன் வரவும்' என்று கல்லூரித் தாள் வந்தபோது, வீட்டில் ஒருவரும் அந்தத் தாளை முழுதாகப் படிக்கவில்லை. "மூத்தவரைக் கூப்பிடுங்க" என்றாள் என் மனைவி.

ஜிபார் மட்டும் படித்திருந்தாள்.

"நினைவகம் பதினாறு வேணும்ப்பா. படத்துக்குன்னு உள்ள தனியா ஒரு அட்டை வேணும். இது ரெண்டும் இல்லேன்னா கட்டடத்த வரையவே முடியாது, முதல் பருவத்துலயே வெளிய அனுப்பிருவாங்க. இதுக்காக ஒரு குதிரைய வித்தாச்சு, விக்கறதுக்கு இன்னொரு குதிரையும் இல்ல."

"பெரியப்பாகிட்ட சொல்லும்மா."

"நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. அண்ணனிடம் இதுவரை நான் ஒன்றும் சொன்னதில்லை.

பிஷ்கேக் வரை நான் கார் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் அண்ணன். அவருடைய வெள்ளைக் கல்பாக் தொப்பி காரின் கூரையில் இடித்தது. ஆறு மணி நேரமும் அவர் அதைக் கழற்றவுமில்லை, தலையைச் சாய்க்கவுமில்லை.

"கணினின்னா என்ன பெரிய இது? அதுக்கும் முதுகு இருக்கு, வயிறு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார்.

"கால் இல்லையே பெரியப்பா" என்றாள் ஜிபார் பின்னாலிருந்து.

"மடியில ஏறி உக்காரப்போறதுக்குக் கால் எதுக்கு?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கடை மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மூவரும் நின்றுவிட்டோம். நாற்பது கணினிகள் வாய் திறந்து வரிசையாக நின்றன. நாற்பதிலும் ஒரே நேரத்தில் கடல் அலையடித்தது. கடலையே பார்த்திராத எங்களுக்கு ஒரே நாளில் நாற்பது கடல். அண்ணன்கூட ஒரு கணம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டாள் கடைக்காரி ரஹிமா. ஐம்பதை நெருங்கியவள், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது.

"நீ பேசாம இரும்மா" என்றார் அண்ணன் அன்பாக. "அதுங்க பேசட்டும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு ஒவ்வொன்றாக நின்றார். குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல மூடியை மேலும் கொஞ்சம் தூக்கினார். அடிவயிற்றில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். காதை வைத்து மூச்சு கேட்டார்.

"இது ஆகாது, கெட்ட ரத்தம்... இதுக்கு இளைக்குது, மலை ஏறாது... இதோட பல்லப் பாரு, தேஞ்சு கெடக்கு. யாரோ நல்லா ஓட்டி முடிச்சது."

ரஹிமாவின் முகம் சிவந்தது. அந்தக் கணினி உண்மையிலேயே யாரோ ஒரு வருடம் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தது.

அவ்வளவுதான். பக்கத்துக் கடைகள் காலியாகின. "அத்-பாஷி சின்ச்சியாம், தொட்டே சொல்றாராம்" என்று முப்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தன் கைப்பேசியை நீட்டி, "ஐயா, இதுக்கு ஆயுசு எவ்வளவு?" என்று கேட்டார். அண்ணன் பார்த்து, "அடுத்த வசந்தம் வரைக்கும்" என்றார். கேட்டவர் கண் கலங்கியபடி போனார்.

மூலையில் கறுப்பாக, தடியாக ஒன்று இரைந்துகொண்டு நின்றது. ஜிபார் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

"பெரியப்பா, இதுலதான் பதினாறு இருக்கு."

"பதினாறா? கெழடு. மூச்சு விடறதக் கேளு, நெஞ்சடைப்பு. தள்ளிக் கட்டு."

ஜிபார் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அண்ணன் சன்னலோரம் போய் நின்றுவிட்டார். அங்கே வெள்ளி நிறத்தில், கத்திபோல மெல்லியதாக ஒன்று. வயிற்றைத் தொட்டார்: குளிர்ச்சி. காதை வைத்தார்: சத்தமே இல்லை. தூக்கினார்: இறகுக் கனம்.

"இது எவ்வளவு நேரமா நிக்குது?"

"காலையில கடை தொறந்ததுல இருந்து... ஆனா ஐயா..."

"ஒரு பொட்டு வேர்வை இல்ல பாத்தியா? முப்பது வருஷமா இப்படி ஒண்ணத்தான் தேடிட்டிருந்தேன்." இரண்டு உள்ளங்கைகளையும் வானம் பார்க்க விரித்தார்.

முப்பது பேரும் கைகளை விரித்தார்கள். ரஹிமாவும் விரித்தாள், வாய் திறந்தபடி. எங்கள் மண்ணில் ஆசிக்கு விரித்த கையின் குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். 'ஓமீன்' என்று ஆசியை முடித்து முகத்தைத் துடைத்துவிட்டால் தேர்வு முடிந்தது. ஆசி சொன்ன குதிரையைத் திருப்பிக் கொடுத்த வீடு அத்-பாஷியில் கிடையாது. நொண்டிக் குதிரைகள் உண்டு.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கைகளும் விரிந்திருந்தன.

"பெரியப்பா!" என்றாள் ஜிபார். "ஓட்டிப் பாக்காம எந்தக் குதிரைக்காவது ஆசி சொல்லியிருக்கீங்களா?"

யாரோ "ஐயோ" என்றார்கள். அண்ணனின் கைகள் மெல்ல இறங்கின. கோபப்பட அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு சின்ச்சி 'சொல்லியிருக்கேன்' என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது.

"ஓட்டு" என்றார்.

ஜிபார் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். "நுழைவுத் தேர்வுக்கு நான் வரைஞ்ச கட்டடம் இதுல இருக்கு. எது இதத் தூக்கிட்டு ஓடுதோ அது." வெள்ளி நிறத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செருகத் துளை இல்லை.

"அதுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் ரஹிமா, அழாத குறையாக. "சன்னல்ல அழகுக்கு வெச்ச வெறுங்கூடு. நீங்க கைய விரிச்சப்புறம் நான் எப்படிக் குறுக்க பேசறது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "செத்த குதிரைக்கும் வேர்க்காதுங்க, பெரியவரே!"

அண்ணன் திரும்பவில்லை. "அடுத்தது" என்றார்.

அடுத்தது அப்படியே உறைந்து நின்றது. அதற்கடுத்தது கட்டடத்தைக் கூரை இல்லாமல் காட்டிவிட்டு அணைந்தது. அதற்கப்புறம் ஜிபார் யாரையும் கேட்கவில்லை. மூலைக்குப் போய், கறுப்புத் தடியனில் செருகினாள்.

அது உறுமியது. பக்கவாட்டிலிருந்து சூடான காற்று பீறிட்டது. திரையில் எங்கள் ஊர்ப் பந்தயத் திடல் எழுந்தது. பின்னால் எங்கள் மலை. திடலைச் சுற்றி, இன்னும் யாரும் கட்டாத ஒரு பார்வையாளர் மாடம். ஜிபார் விரலை அசைத்தாள், மாடம் பறவை பார்ப்பதுபோலச் சுழன்றது. இன்னொரு விரலை அசைத்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் ஏறியது, தூண்களின் நிழல்கள் எழுந்து, படிக்கட்டுகளில் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தன.

முப்பது பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"அந்த வெயில் எங்கிருந்து வருது?" என்று அண்ணன் கேட்டார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கணக்குல இருந்து பெரியப்பா."

"கணக்குல இருந்து வெயிலா?" திரைக்கு மிக அருகே குனிந்தார். "நம்ம திடல்ல நான் எப்பவும் மூணாவது வரிசையிலதான் உக்காருவேன். மத்தியானப் பந்தயத்துல வெயில் கண்ணுல குத்தும். இந்தக் கண்ணு பாழானதே அதனாலதான்."

"தெரியும் பெரியப்பா." சூரியனை உச்சிக்குக் கொண்டுவந்தாள். கூரையின் விளிம்பிலிருந்து ஒரு நிழல் இறங்கி, மூன்றாவது வரிசையில் மட்டும் துண்டு விரித்ததுபோல விழுந்தது. "அதுக்காகத்தான் கூரைய இங்க நீட்டினேன்."

அண்ணன் அந்த நிழலைத் தொட்டார். பிறகு கையைக் கணினியின் சூடான மூச்சுக்காற்று வரும் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டார், பந்தயம் முடித்த குதிரையின் மூக்கருகே வைப்பது போல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

கடைசியில் நிமிர்ந்தபோது மறுபடியும் பழைய சின்ச்சி ஆகியிருந்தார். "நெஞ்சடைப்புன்னு யாரு சொன்னது? நெஞ்சு பெரிசு. அதான் சத்தம்." யாரும் அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை. கைகளை விரித்தார், எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு விரித்தோம். அவர் சொன்ன ஆசி நீளமானது. அதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு தொடங்க எட்டு நாள் இருந்தது. "இங்கயே விடுதியில வெச்சுட்டுப் போலாமே" என்றாள் ஜிபார். ஊர் பார்க்காத பொருள் பொருளே அல்ல என்றார் அண்ணன். திரும்பும் வழியில் தொலோன் கணவாய் வருவதற்குள் மூன்று முறை மடியில் திறந்து நிழலைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஆடு வெட்டினோம். அறுபது பேர் வந்தார்கள். புதுப்பொருளைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் பேனா, காலுறை, வெண்ணெய், ஒரு சேவல்கூட வந்தது. அண்ணன் கணினிக்குப் பக்கத்தில் நின்று, தான் அதைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னார். அதில் வெள்ளிக்கூடு வரவில்லை. பிறகு ஜிபார் சூரியனை ஏற்றினாள். மலை வெளுத்தது, நிழல்கள் நடந்தன, கிழவர்கள் வாய் பிளந்தார்கள். உச்சி வெயில் வந்தது. திரை இருண்டது.

"ராத்திரி ஆயிருச்சு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"உஷ்" என்றார் அண்ணன். "விடியட்டும்."

அறுபது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். பிறகு ஜிபார் என்னைப் பார்த்து, சார்ஜரைக் கேட்டாள்.

அது பிஷ்கேக்கில், கடை மேசைமேல், ஆசிக்குக் கையை விரிப்பதற்காக நான் வைத்த இடத்தில் இருந்தது.