வெட்டிய பச்சை வயர்

என் மகள் ஜூசாரா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டு ஷவரில் கரண்ட் கசிகிறது. இதை மருமகன் எட்மாரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று! அந்த மண்டையில் ஏறினால்தானே.

எங்கள் ஊர் லாஜெஸில் ஜூலைதான் கடுங்குளிர்; புல்லெல்லாம் உறைந்து கிடக்கும். அப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிற ஜனங்கள் நாங்கள். தலைக்கு மேலேயே தண்ணீரைச் சூடாக்குகிற கரண்ட் ஷவர் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் தொங்கும் பச்சை வயர்தான் எர்த். கசிகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டியது அது. எங்கள் ஆட்கள் அதை நறுக்கி, டேப் சுற்றி, உள்ளே செருகிவிடுவார்கள். குழாயைத் திருகினால் கையில் சுர்ரென்னும். அதற்காக ரப்பர் செருப்போடு குளிப்பார்கள்.

போன மாதம் நான் அவர்கள் வீட்டு மண்ணில் கம்பி இறக்கி, பச்சை வயரை இணைத்து, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்சையும் மாட்டினேன். அவர்கள் ஷவருக்குள் சூடாகும் சுருள் மூடியில்லாதது; கரண்ட் நேராகத் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் பட்டதும் சுவிட்ச் விழுந்தது. விழத்தான் வேண்டும். சுருள் மூடியிருக்கிற ஷவர் வாங்கி வருகிறேன் என்றேன். "என் வீட்டுக்கு நான் வாங்கிக்கிறேன் மாமா" என்றான். எங்கே வாங்கினான்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடப் போனேன். மின்பெட்டியில் என் சுவிட்ச் இல்லை. குளியலறையில் பச்சை வயரும் நறுக்கப்பட்டிருந்தது.

"மாப்ளே, சுவிட்ச் எங்க?"

"சோப்பு போட்டு நிக்கிறப்ப படக்குன்னு விழுந்துடுது மாமா. உங்க பொண்ணு பல்லு தந்தியடிக்க வெளிய ஓடி வரா. அவளுக்குக் காய்ச்சல் வந்தா?"

"காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கு."

"தெருவே இப்படித்தான் குளிக்குது. எல்லாருமா செத்துட்டாங்க?"

ஜூசாரா துண்டோடு வந்தாள். "நம்ம வீட்ல நீயே இப்படித்தானேப்பா மாட்டியிருந்தே? நான் நல்லாத்தானே வளந்தேன்?"

முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் கரண்ட் வேலை பார்த்து, வீடு வீடாகப் பச்சை வயரை நறுக்கியவன் நான். கர்ப்பிணி காதில் விழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மார்ச்ல ஒருத்தி குளிக்கிறப்பவே செத்துட்டாம்மா. வயரைப் பாக்க என்னைக் கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா நான் மாட்டின ஷவர். அந்த வயரை வெட்டினதும் நான்தான்."

ஜூசாராவின் முகம் வெளுத்தது. எட்மார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நீங்க சரியா மாட்டலை மாமா. அதுக்கு ஏன் இவளைப் பயமுறுத்துறீங்க? நான் பாத்துப் பாத்து மாட்டியிருக்கேன். நீ போம்மா, குளி."

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவனோடு வாழ்கிறவள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

மெயினை அணைக்க ஓடினேன். எட்மார் பெட்டியின் முன்னால் வந்து நின்றான். கைகட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் நின்றான். அவனைத் தள்ள எனக்கு உடம்பில் வலுவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கதவருகே போனேன். "ஜூசாரா!"

"என்னப்பா?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "இருக்கேம்ப்பா." மூன்றாவது தடவை கூப்பிட்டதும் கத்தினாள்: "அய்யோ அப்பா, நிம்மதியா குளிக்க விடேன்!"

அதற்குமேல் நான் கூப்பிடவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.