பன்னிரண்டாவது குச்சி

எங்கள் ஓடுபாதை வெறும் புல்வெளிதான். எங்களுக்கு முன்பே அதில் குடியேறியவை தரையணில்கள். அவற்றைத் தொடக்கூடாது, வளையையும் மூடக்கூடாது என்று சட்டம். அதனால் ஒவ்வொரு வளைக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டு வைப்போம். விமானி அதைப் பார்த்து விலகி ஓட்டுவார். பனாத் சமவெளியில் எங்கள் பறக்கும் சங்கம் முப்பது வருடமாக இப்படித்தான் பிழைக்கிறது.

நான் மிலுங்கா, சங்கத்தின் மெக்கானிக். என் வாய்க்குப் பயப்படாதவர்கள் அங்கே குறைவு. புனித இலியா நாள் விமானிகளின் திருநாள். பாதிரியார் வருகிறாரே என்று விடிந்ததும் டிராக்டரில் புல் வெட்டினேன். பன்னிரண்டு குச்சிகளையும் பிடுங்கி, வெட்டி முடித்து, திரும்ப நட்டேன்.

அன்று இஸ்க்ரா முதல்முறையாகத் தனியே பறக்க வேண்டும். பேக்கரியில் ரொட்டி சுட்டுவிட்டு, கையில் மாவோடு பாடத்துக்கு ஓடி வருகிற பெண். முதல் தனிப் பறப்பு முடித்து இறங்கியவருக்குச் சங்கத்தார் வரிசையில் நின்று ஆளுக்கொரு அடி பின்பக்கத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அதுதான் ஆசீர்வாதம்.

"அக்கா, நீங்க மட்டும் மெதுவா அடிங்க. ஸ்பேனர் பிடிச்ச கை அது" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

விமானம் வேகம் எடுத்து, எழும்பப் போகிற நேரத்தில் இடது சக்கரம் எதிலோ இறங்கியது. சக்கரக் கால் முறிந்தது. முன்விசிறி மண்ணைக் கொத்த, விமானம் அரைவட்டம் அடித்துச் சாய்ந்து நின்றது. ஓடினேன். என் உயிர் என்னிடம் இல்லை. இஸ்க்ரா உதட்டில் ரத்தத்தோடு தானே இறங்கி வந்தாள்.

பயிற்சியாளர் ரதிவோய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பதட்டத்துல கைப்பிடியைத் தப்பா இழுத்துட்டா. வானம் எல்லாருக்கும் வாய்க்காது."

"இனிமே நான் வரல" என்றாள் இஸ்க்ரா.

டிராக்டரை ஓரம்கட்டப் போனேன். இருக்கைக்கு அடியில் சிவப்புத் துணி. பன்னிரண்டாவது குச்சி. ஒருவரும் பார்க்கவில்லை. அடுப்பில் போட்டால் கதை முடிந்தது. போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

பாதிரியார் திருநாள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் குச்சியை வைத்தேன்.

"இது சக்கரம் இறங்கின வளைகிட்ட இருக்க வேண்டியது. நடாம விட்டது நான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

"அதை இப்ப வந்து சொல்றியா?" என்றார் ரதிவோய்.

"நீங்க மட்டும் வளையைப் போய்ப் பார்த்துட்டா பழி போட்டீங்க?"

இஸ்க்ரா திருநாள் ரொட்டியைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அது எனக்குச் செருப்படியைவிட வலித்தது.

குளிர்காலம் முழுக்க விமானத்தைப் பழுது பார்த்தேன். டிசம்பரில் ஒருநாள் இஸ்க்ரா சூடான ரொட்டியோடு வந்தாள். விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் வந்தாள்.

மே மாதம், பறக்கும் முன் ஓடுபாதை முழுக்க நடந்து குச்சிகளைத் தானே எண்ணினாள். பிறகு ஏறினாள். சக்கரம் புல்லை விட்டது. ஊர்மேல் ஒரு சுற்று சுற்றி, பூப்போல இறங்கினாள்.

சங்கத்தார் வரிசையில் நின்றார்கள். முதல் அடி ரதிவோயுடையது. கடைசியில் என் முறை வந்தது.

"அக்கா, நீங்க திரும்பி நில்லுங்க."

"ஏன்டி?"

"பன்னிரண்டாவது குச்சிக்கு."

மாவு பிசைகிற கை. நன்றாகவே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"கணக்கு தீர்ந்துச்சு. இப்ப நீங்க அடிங்க" என்று திரும்பி நின்றாள்.

மெதுவாகத்தான் அடித்தேன்.